நள்ளுமடி

நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்து நிற்கும் சர்வநிவாரண் மருத்துவமனையின் வாசலில் ஒரு வரிக்குதிரை நிற்கிறது. சிமெண்டுதான், ஆள் உயரம். அரிய நோய்களுக்கென்று நான்காவது மாடியில் தனிப் பிரிவு திறந்தபோது வைத்தார்கள். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வசனம் உண்டாம்: குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே. அதாவது, சாதாரண நோயை முதலில் தேடு. மற்றவர்கள் குதிரையைத் தேடட்டும், நாங்கள் வரிக்குதிரையையே தேடுகிறோம் என்பது சிலையின் உட்பொருள். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் குளம்புச் சத்தம் கேட்டால் அது மாடுதான் என்பதை அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நோயாளிகளோடு வரும் பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரை அந்தப் பிரிவால் நேரடியாகப் பயன் அடைந்தவர்கள் அவர்கள்தான்.

இந்தக் கதை ஜமீலுன்னிசாவைப் பற்றியது. முகம் தெரியாவிட்டாலும் குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உஸ்மான் சாலையில் ஓர் ஏழு மாடித் துணிக்கடையில் மைக் அவள்தான். "அன்பான வாடிக்கையாளர்களே, இரண்டாவது தளத்தில் காஞ்சிபுரம் பட்டுப் புடவைகளுக்கு ஐம்பது சதவீதம் வரை சிறப்புத் தள்ளுபடி" என்று அவள் சொன்னால், கைக்குட்டை வாங்க வந்தவர்கூட ஒருமுறை இரண்டாவது தளத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கூட்டத்தில் காணாமல் போகும் பிள்ளைகளும் அவள் பொறுப்பு. வயது, சட்டை நிறம், அழுகிறதா இல்லையா என்பதையெல்லாம் சொல்லி, "உரியவர்கள் உடனே தரைத்தளம் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று முடிப்பாள். எந்தப் பிள்ளையும் அவளிடமே தங்கிப்போனதில்லை. மைக்கில் பேசுகிற தமிழ் வேறு, மைக்கை அணைத்ததும் பேசுகிற தமிழ் வேறு. அவள் கணவர் நூர் முஹம்மது அதே கடைக்கு எதிரில் நடைபாதையில் மெஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறவர். ஸ்பீக்கரில் வருவது கச்சேரி சாலை வீட்டில் தன்னோடு குடித்தனம் நடத்துகிறவள்தான் என்பதை அவரே சில சமயம் நம்பமாட்டார்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த சமயத்தில் அந்தக் குரலுக்கு ஏதோ ஆனது. காலையில் கணீரென்று இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் மூக்குக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். 'ப' எல்லாம் 'ம' ஆகிவிடும், 'த' எல்லாம் 'ந'. கூடவே இடது கண்ணிமை பாதியில் தொங்கும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு முகூர்த்த நாளின் மாலையில், கடை முழுக்கக் கல்யாண வீட்டுக்காரர்கள் நெரியும்போது, காஞ்சிமுரம் மட்டு முடவைகளுக்கு ஐம்மது சநவீநம் நள்ளுமடி என்று ஏழு மாடிக்கும் அறிவித்தாள். ஒரே எழுத்தில் பட்டு மட்டமாகிவிட்டது.

மேனேஜர் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னாக்கா இது, நள்ளுமடின்னா எவ வருவா? வாயில எதனா அடக்கிக்கினு கீறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார். சாய்ங்காலம் ஆனா நாக்கு நம்ம பேச்ச கேக்க மாட்டேங்குது."

(இதையும், இனி அவள் மாலையில் பேசுவதையும் நான் சரியான எழுத்திலேயே தருகிறேன். மெய்ப்புத் திருத்துபவர் பாவம்.)

"டாக்டராண்ட காட்டுங்க. பொங்கல் சேல் வருது," என்றார் மேனேஜர்.

சர்வநிவாரணில் ஓ.பி. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. ஜமீலுன்னிசா நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, புர்காவை மாட்டிக்கொண்டு, இரண்டு கண்ணும் அகலத் திறந்த நிலையில் பொது மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சாய்ங்காலம் ஆனா கண்ணு சொருகுது டாக்டர். பேச்சு குழறுது."

"இப்ப?"

"இப்ப நல்லா கீது."

"அப்ப நல்லாத்தானே இருக்கீங்க."

"நான் வேணா சாய்ங்காலம் வரட்டா?"

"சாயங்காலம் ஓ.பி. கிடையாதும்மா." அவர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். "கேஸ்," என்றார்.

"யார் மேல?"

"கேஸ்மா. வாயு. மேல ஏறி தொண்டைய அடைக்குது."

"கண்ணையுமா அடைக்கும்?"

"ஏறினா எங்க வேணா போகும்."

மாத்திரையைத் தின்று பார்த்தாள். வாயு இருந்திருந்தால் போயிருக்கும். மாலை வந்தது, கண் சொருகியது. மறுபடி போனாள். இந்தத் தடவை மாடி மாடியாக அனுப்பினார்கள். கண் டாக்டர் கழுத்துக்குக் கீழே இறங்குவதில்லை. தொண்டை டாக்டர் மூக்குக்கு மேலே ஏறுவதில்லை. கண் டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரை மைக் குரலில் படித்துக் காட்டினாள். இருந்தாலும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அன்று மாலை கண்ணாடி வழியாக எல்லாம் இரண்டிரண்டாகத் தெளிவாகத் தெரிந்தது. தொண்டை டாக்டர் உள்ளே விளக்கு அடித்து, இவ்வளவு அழகான தொண்டையைத் தான் பார்த்ததில்லை என்றார். பெண்கள் மருத்துவர், நாற்பது தாண்டிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு ஹார்மோன் என்று எழுதினார். கடைசியாக மனநல ஆலோசகர்.

"வீட்டுல மாமியார் இருக்காங்களா?"

"மவுத்தாயி பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"அந்தத் துக்கத்தை உள்ளேயே அடக்கி வெச்சிருக்கீங்க."

"அடக்கம் பண்ணது மாமியாரத்தான், துக்கத்த இல்ல."

ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார். எல்லோருமே படித்தவர்கள், கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. எல்லோருமே அவளைக் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தார்கள். ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் இருட்டே வருவதில்லை என்று ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

நூர் முஹம்மதுவுக்குப் பொறுமை குறைவு. ஒரு மாலை, கண் தொங்கும் நேரமாகப் பார்த்து, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எமர்ஜென்சிக்கே வந்துவிட்டார். செக்யூரிட்டி நிறுத்தினார்.

"நடந்தா வந்தாங்க?"

"ஆமா."

"நடந்து வர்றதெல்லாம் எமர்ஜென்சி இல்லைங்க. ரூல்ஸ்."

"அப்ப தூக்கிக்கினு வரட்டா?"

"அது ஒங்க இஷ்டம்."

நூர் முஹம்மது மனைவியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். வரிக்குதிரைக்குப் பின்னாலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, மறுபடி உள்ளே வந்தார். செக்யூரிட்டி கதவைத் திறந்துவிட்டு வணக்கம் வைத்தார். சிவப்பு டோக்கன் கொடுத்தார்கள். படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னார்கள். டாக்டர் வருவதற்கு வெகு நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்கப் பேசாமல், கண்ணைத் திறக்காமல் கிடந்ததில், இமை தானாக ஏறிக்கொண்டது. குரலும் திரும்பிவிட்டது.

டாக்டர் நீரஜா சின்ன வயசு. பகலிலிருந்து உட்காரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. அவள் வந்து பார்த்தபோது நோயாளி எழுந்து உட்கார்ந்து புருஷனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் மட்டும்தான் வருமா?" என்று நீரஜா கேட்டாள். அதற்கு மேல் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பைக் விபத்தில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். "காத்திருக்கும்போதே முன்னேற்றம்" என்று எழுதிவிட்டு ஓடினாள். நியாயமாக இதை மருத்துவமனை விளம்பரத்தில் போட்டிருக்க வேண்டும். காக்க வைத்தே குணப்படுத்துகிற இடம் இந்த ஊரில் வேறு எது?

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ஜமீலுன்னிசா அழுதாள்.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறாங்கங்க. எனுக்கே டவுட்டா கீது."

"நான் பாக்கறேன்ல தெனமும்."

"நீங்க டாக்டரா?"

மறுநாள் நூர் முஹம்மது அவளை நேராக நான்காவது மாடிக்கே அழைத்துக்கொண்டு போனார். லிஃப்டை விட்டு இறங்கினால் மிக அமைதியான இடம். ஏ.சி. குளிர். அரிய நோய்ப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பரத்வாஜ் எழுந்து நின்று வரவேற்றார். வெகு நாள் கழித்து மனித முகத்தைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

"எந்த நோய்க்காக வந்திருக்கீங்க?"

"அத தெரிஞ்சிக்கத்தான் சார் வந்தோம்," என்றாள் ஜமீலுன்னிசா.

"அது கீழ் மாடி வேலை மேடம். கீழ கண்டுபிடிச்சு, பேரோட அனுப்பினா, அது அரியதா இல்லையான்னு நாங்க பார்ப்போம்."

"கீழ தெரியலன்றாங்களே."

"தெரியலன்னா அது அரிய நோய் இல்ல மேடம், தெரியாத நோய். தெரியாத நோய்க்கு இங்க பிரிவு கிடையாது."

நூர் முஹம்மது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வெள்ளை விரிப்புப் போட்ட படுக்கைகள் வரிசையாக இருந்தன. "எல்லாம் காலியா கீதே சார்."

"அரிய நோய்ப் பிரிவுல படுக்கை காலியா இருக்கறதுதான் தரம்," என்றார் பரத்வாஜ் பெருமையாக. "நிரம்பிடுச்சுன்னா அப்புறம் அரியதுன்னு எப்படிச் சொல்றது? அதுவும் இல்லாம இந்த மாசத்துக்கு ஒருத்தர் ஏற்கெனவே வந்துட்டார்."

"யாரு?"

"பேரு ஞாபகம் இல்லை. லிஃப்ட் மாறி வந்துட்டார்."

பொங்கல் சேல் வந்தது. மேனேஜர் கெட்டிக்காரர், ஒரு வழி கண்டுபிடித்தார். காலைக் குரலில் தள்ளுபடி அறிவிப்பையெல்லாம் பதிவு செய்துகொண்டு, மாலையில் ஓட விட்டார். பட்டு மறுபடி பட்டானது. ஆனால் காணாமல் போகப்போகிற பிள்ளையின் சட்டை நிறத்தை யாரும் முன்கூட்டியே பதிவு செய்து வைக்க முடியாது. ஒரு சாயங்காலம் நீலப் பாவாடை போட்ட ஒரு குட்டியைக் கொண்டுவந்து அவளிடம் விட்டார்கள். ஜமீலுன்னிசா அறிவித்தாள். மறுபடி அறிவித்தாள். மூன்றாவது மாடியில் அலைந்துகொண்டிருந்த தாய்க்கு அது என்ன மொழி என்றே விளங்கவில்லை. குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து ஓயாமல் அழுதது. கடைசியில் தாய் தானாகத்தான் தேடிக்கொண்டு வந்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, ஜமீலுன்னிசாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பிப்ரவரி முடிந்ததும் மைக்குக்கு வேறு பெண் வருவாள் என்று மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ராத்திரிச் சாப்பாடுதான் அவளைப் பயமுறுத்தியது. நாலு வாய் மென்றதும் தாடை ஓய்ந்துபோகும். கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றாள். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. ஒருநாள் டீ புரையேறி, மூச்சு திரும்புவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"ஏங்க," என்றாள், பேச்சு வந்ததும். "இவங்க பேரு வெக்கறதுக்குள்ள நான் போயிடுவேன் போல கீது."

நூர் முஹம்மது அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் அதே பயம்தான்.

இந்த நிலையில்தான் விழா வந்தது. பிப்ரவரியின் கடைசி நாள் அரிய நோய்களுக்கான நாள் என்று உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். சர்வநிவாரண் தன் சொந்த அரங்கத்திலேயே மாபெரும் விழிப்புணர்வு விழா ஏற்பாடு செய்தது. செலவு துணிக்கடை முதலாளியுடையது. கடையின் பேர் நாலு பேர் காதில் விழ வேண்டும் என்று, தொகுத்து வழங்கக் கடையின் குரலையே அனுப்புவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குரல் இப்போது மூக்கில் குடியிருப்பது அவருக்குத் தெரியாது. புதுப் பெண் இன்னும் சேரவில்லை. மேனேஜர் அழைப்பிதழோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"சாய்ங்காலம் அஞ்சரை மணிக்கா?" என்றாள் ஜமீலுன்னிசா அதைப் பார்த்துவிட்டு.

"அதான்க்கா யோசிக்கிறேன். ஒங்களுக்குக் கஷ்டம்னா..."

"நான் பண்றேன்."

நூர் முஹம்மதுவுக்குக் கோபம் வந்தது. "புத்தி கெட்டுப்போச்சா ஒனுக்கு? அஞ்சரைக்கு மேல ஒன்னால ஒரு வார்த்த ஒழுங்கா பேச முடியுமா?"

"அதாங்க. அத்தினி டாக்டரும் சாய்ங்காலம் ஒரே எடத்துல உக்காந்துக்கினு இருக்கப்போறாங்க. டோக்கன் இல்ல, மாடி இல்ல. இத விட்டா அடுத்த பிப்ரவரிதான்."

அன்று அவள் வேண்டுமென்றே பகலில் படுக்கவில்லை. காலையிலிருந்து கடையில் ஏழு மாடிக்கும் பேசித் தீர்த்துவிட்டு நூர் முஹம்மதுவோடு நேராக அரங்கத்துக்கு வந்தாள். முன்வரிசைகளில் முப்பது நாற்பது டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளம் டாக்டர்கள் பின்சுவரோரம் நின்றார்கள். மேடைக்குப் பின்னால் கல்யாண மண்டபக் கதவு அளவுக்கு ஓர் எல்.இ.டி. திரை, பேசுகிறவர் முகத்தைப் பெரிதாகக் காட்டியது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்பு எல்லாம் ஒழுங்காகப் போயின. குரல் தாங்கியது. பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அதன்பின் உரைகள்.

முதலாளி தன் கடை வளர்ந்த கதையைச் சொன்னார். ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர் அரிய என்ற சொல்லின் வேரை ஆராய்ந்தார். மூன்றாவதாக மருத்துவமனை இயக்குநர் டாக்டர் சந்திரமௌலி எழுந்தார். வெள்ளை முடி, தங்க ஃபிரேம், கேட்பவர்கள் கண்கலங்கும்படியான குரல்.

"எங்கள் அரிய நோய்ப் பிரிவு தொடங்கி ஓராண்டு ஆகிறது," என்றார். "இந்த ஓராண்டில் எங்கள் பிரிவில் ஒரே ஒரு தவறான நோயறிதல்கூட நிகழவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மரணம்கூட இல்லை. ஒரே ஒரு புகார்கூட இல்லை." கைதட்டல். "அரிய நோயைக் கண்டறிய மூன்று வேண்டும். கவனம், காலம், கருணை. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை இந்த மூன்றும் எங்களிடம் குறைவில்லாமல் உண்டு." மறுபடி கைதட்டல். "நோயாளி பொய் சொல்லலாம், நோய் பொய் சொல்லாது. ஆகவே நாங்கள் நோயாளி சொல்வதை நம்புவதில்லை. நோய் தானாக வந்து எங்களிடம் பேசும்வரை காத்திருக்கிறோம்."

நோய் அவருக்கு நாலடி தள்ளி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அடுத்த பேச்சாளரை அழைக்கும்போது 'ப' போனது. அதற்கடுத்தவரை அழைக்கும்போது 'த' போனது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நரம்பியல் நிபுணர் ஒருவர் பக்கத்து இருதய நிபுணரிடம், மைக்கில் கோளாறு என்றார். இருதய நிபுணர், கோளாறு மைக்கில் இல்லை, ஸ்பீக்கரில் என்றார். எலும்பு நிபுணர் ஒயரைச் சந்தேகப்பட்டார். ஒலி அமைப்பாளர் மைக்கை மாற்றினார். அந்த மைக்கும் மூக்கால் பேசவே, வேறொன்று கொண்டுவந்தார். இத்தனை நிபுணர்கள் ஒன்றுகூடி ஒரு மைக்கை இவ்வளவு அக்கறையாகப் பரிசோதித்து நான் கேள்விப்பட்டதில்லை.

நிகழ்ச்சி நிரலில் மிச்சம் இருந்தவை இரண்டுதான். நன்றியுரை, அதைத் தொடர்ந்து நாட்டுப்பண். பக்கத்துக் கூடத்திலிருந்து நெய் மணம் வந்துகொண்டிருந்தது. ஆனால் நம் ஊர் விழாவில் நன்றியுரை சொல்லாமல் நாட்டுப்பண் கிடையாது. நாட்டுப்பண் முடியாமல் முன்வரிசைக்காரர் யாரும் சாப்பிட எழுந்துபோவதும் கிடையாது. அரங்கமே கைக்கடிகாரத்தைப் பார்த்தது. ஜமீலுன்னிசா மேடையின் நடுவுக்கு வந்தாள். திரையில் அவள் முகம் கதவளவு தெரிந்தது. இடது கண் முக்கால்வாசி மூடியிருந்தது.

"அன்பான மருத்துவர்களே, ஒரு முக்கிய அறிவிப்பு," என்றாள். "நம் அரங்கில் ஒரு நோய் தனியாக நின்றுகொண்டிருக்கிறது. வயது நாலு மாதம் இருக்கலாம். இடது கண்ணிமை தொங்கியிருக்கும். மூக்கால் பேசும். எல்லாவற்றையும் இரண்டாகப் பார்க்கும். காலையில் வராது, மாலையில் வரும். தன் பெயர் சொல்லத் தெரியவில்லை. உரியவர்கள் உடனே மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்."

யாரும் அசையவில்லை. கடையில் எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்வதுதான் வழக்கம். அவள் இரண்டாவது முறையும் நிதானமாகச் சொன்னாள்.

பரத்வாஜ் மேடைக்கு ஓடி வந்தார். "மேடம், நாளைக்குக் காலைல ஓ.பி.க்கு வாங்க, பார்க்கச் சொல்றேன். இப்ப நன்றி சொல்லி முடிங்க. எல்லாரும் பசியோட இருக்காங்க."

"எனுக்கும்தான் சார் பசி. மெல்ல முடியல." மைக்கில் அவள் வீட்டுத் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை. "காலைல வராதுன்னு நாலு மாசமா சொல்லிக்கினு கீறேன். கேஸுன்னீங்க, கண்ணாடின்னீங்க, மாமியாருன்னீங்க. இப்ப சாய்ங்காலம். இப்ப பாருங்க. ஒருத்தராவது எழுந்து வந்து என் கண்ண பாக்கற வரைக்கும் நன்றியுரை கெடையாது. யாரும் சாப்ட போவ முடியாது."

பரத்வாஜ் மைக்குக்குக் கை நீட்டினார். நூர் முஹம்மது மேடைப் படியில் ஏறி நின்றார். அவர் ஒன்றும் செய்யவில்லை, கையைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அரங்கத்தில் செல்போன்கள் உயர்ந்துவிட்டன. பரத்வாஜ் நீட்டிய கையால் தன் டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

பின்சுவரோரத்திலிருந்து நீரஜா வந்தாள். இத்தனை பெரியவர்களைத் தாண்டி வருகிற கூச்சம் அவள் முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் வந்தாள்.

"அன்னிக்குக் கேக்க வந்ததக் கேக்காம போயிட்டேன். தப்பு என்னுதுதான்," என்றாள். "மேல விளக்கப் பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க."

ஜமீலுன்னிசா பார்த்தாள். பார்க்கப் பார்க்க இமை கீழே இறங்கி முழுக்க மூடிக்கொண்டது. திரையில் அது கடை ஷட்டர் மாதிரி இறங்கியதை அரங்கமே பார்த்தது. நீரஜா எண்ணச் சொன்னாள். இருபதைத் தாண்டுவதற்குள் குரல் கரைந்து, மூச்சு வாங்கியது. நீரஜா ஜூஸ் மேசையிலிருந்து ஐஸ்கட்டிகளை வரவழைத்தாள். சுற்றத் துணி இல்லை. துணைவேந்தரின் பொன்னாடை நாற்காலியில் கிடந்தது. அதில் ஐஸைச் சுற்றி மூடிய கண்ணின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். முன்வரிசையில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பொன்னாடையை எடுத்தபோது கண் திறந்திருந்தது.

"மயஸ்தீனியா," என்ற சொல் முன்வரிசை முழுக்க முணுமுணுப்பாக ஓடியது. எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். எல்லோரும் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கியதுதான்.

"நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரல," என்று நீரஜா அவளிடம் சொன்னாள். "வேலை செய்யச் செய்யத் தசை களைச்சுப்போகும், ஓய்வு எடுத்தா திரும்பும். அதான் காலைல நல்லா இருக்கீங்க. ரத்தப் பரிசோதனை பண்ணி உறுதிப்படுத்தணும். மருந்து இருக்கு. ஆனா மெல்ல முடியலன்றீங்க, மூச்சு வாங்குது, அதனால இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

"பேரு இன்னா சொன்னீங்க?" என்றார் நூர் முஹம்மது படியிலிருந்து.

"மயஸ்தீனியா கிராவிஸ்."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரு கீது, ஜமீலா," என்றார்.

இதற்குள் டாக்டர் சந்திரமௌலி மேடைக்கு வந்துவிட்டார். அனுபவசாலி. "நண்பர்களே, நீங்கள் இப்போது கண்டது எங்கள் அரிய நோய்ப் பிரிவின் நேரடிச் செயல்முறை விளக்கம்," என்றார். பாதி அரங்கம் கைதட்டியது. மீதிப் பாதி, தட்டலாமா என்று பக்கத்தில் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தி ஜமீலுன்னிசாவிடம், "ரொம்ப பேஷாப் பண்ணிட்டேம்மா. இப்ப நன்றியுரையைச் சொல்லிடு," என்றார்.

அவள் மைக்கை அவரிடமே நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க சார்."

"நானா? யாருக்கு?"

"எனுக்கு."

சந்திரமௌலி சிரித்துக்கொண்டே அரங்கத்தைப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மைக் அணைக்கப்படவில்லை என்பதை மறந்து, "பேஷண்டுக்கு நன்றி சொல்ற வழக்கம் இல்லையேம்மா," என்றார்.

"வழக்கத்துல இல்லாததுக்குத்தான சார் நாலாவது மாடி கட்டியிருக்கீங்க," என்றாள் ஜமீலுன்னிசா.

மூக்கால் வந்த பேச்சுதான். ஆனாலும் கடைசி வரிசை வரை எல்லோருக்கும் புரிந்தது. நெய் மணம் கூடிக்கொண்டே போயிற்று. இயக்குநர் தன் உரைத் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். முதலாளிக்கு, துணைவேந்தருக்கு, திரை அமைத்தவருக்கு, விளக்கு ஏற்ற எண்ணெய் தந்தவருக்குக்கூட அதில் நன்றி இருந்தது. நோயாளிக்கு மட்டும் இல்லை. நோயாளியின் பெயரை நீரஜாதான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மூக்கால் அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

"திருமதி ஜமீலுன்னிசாவுக்கு நன்றி."

"கேக்கல சார்," என்றார் படியில் நின்ற நூர் முஹம்மது. "இன்னொரு தபா."

டாக்டர் சந்திரமௌலி தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.